சுண்ணாம்பு போடாத பாத்தி

கொழுந்துக் கூடையைச் சுமக்க முடியாமல் போனதால்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. இலங்கையிலிருந்து கப்பலில் வந்து மண்டபம் முகாமில் காத்துக் கிடந்த மாதங்களில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, அது இடுப்பில் விட்டுப்போன வலி போகவில்லை. அங்கிருந்து எங்களை நீலகிரிக்கு அனுப்பி, நெல்லியாளத்துக்கு அப்பால் காட்டை வெட்டித் தேயிலை வைத்துக்கொண்டிருந்த ஒரு மலையில் குடியமர்த்தினார்கள். என் வீட்டுக்காரருக்குக் குழி வெட்டும் வேலை. எனக்கும் பெரட்டில் பெயர் இருந்தது. காலையில் வரிசையில் நின்று பெயருக்கு ஆமாம் சொல்லிவிட்டு, பத்து மணிக்குள் சரிவில் உட்கார்ந்துவிடுவேன். மேஸ்திரி நல்ல மனிதர், திட்டவில்லை. ஆனால் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் வீட்டு வரிசையில் நான்கு வீடுகளுக்கு அரசாங்கத் திட்டத்தில் மாடு கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. கீழே சமவெளியிலிருந்து கொண்டுவந்த மாடு, சிவப்பு, சாது. வந்த அன்று அக்கம்பக்கமெல்லாம் கூடிப் பார்த்தது. இரண்டு மாதத்தில் அதன் விலா எலும்பு தனித்தனியாகத் தெரிந்தது. மலை முழுக்கப் பச்சையாக இருக்கும், மாடு தின்பதற்கு ஒன்றும் இருக்காது. சரிவில் வளர்ந்தது எல்லாம் தைல வாசனை அடிக்கும் புல். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் நாங்களும் பாடுபட்டுப் பார்த்தோம். பீன்ஸை நாங்கள் போஞ்சி என்போம். இலங்கையில் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் போஞ்சி போட்டால் பறித்து மாளாது. இங்கே முளைத்து நாலு இலை விட்டதும் மஞ்சளாகி, அப்படியே நின்றுவிடும். சாகவும் சாகாது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோர்வாக வரும். தண்ணீர் ஊற்றினோம், சாணம் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் கைராசி போய்விட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். அவளும் எங்களோடு ஒரே கப்பலில் வந்தவள். அவளுக்கும் ஒரு மாடு கொடுத்திருந்தார்கள். பின்பக்கத்தில் மரவள்ளி மட்டும் வைத்திருந்தாள், அது மட்டும் எப்படியோ வளர்ந்தது.

அந்த வருடம் மழை ஓய்ந்த பிறகு, எங்கள் வரிசைக்குக் கீழே ஒரு துண்டு நிலத்துக்கு வேலி போட்டார்கள். தீவனப் பயிர் சோதனை என்றார்கள். பார்த்துக்கொள்ள ஓர் ஆபீசர் வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர், முப்பது வயது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருப்பார். அட்டைக்கடிக்குப் பயந்து காலில் சுண்ணாம்பு தடவிக்கொள்வார். எழுதத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார். மேஸ்திரி என்னை அனுப்பினார்.

"படிச்சிருக்கீங்களா அம்மிணி?"

"எட்டு வரைக்கும் ஐயா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல."

"நெம்பர் தெளிவா எழுதினாப் போதுமுங்க. உக்காந்து செய்யற வேலைதான்."

உட்கார்ந்து செய்யும் வேலை என்று அவர் சொன்னதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி இருந்தார்.

ஒவ்வொரு பயிருக்கும் இரண்டு பாத்தி. ஒன்றில் சுண்ணாம்புத் தூள் கலந்து விதைப்போம். மற்றதில் மண் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே. குதிரைமசால், முயல்மசால், தட்டப்பயறு, மரவள்ளி, ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒரு படர்புல். இன்னும் சிலவற்றின் பெயர் என் வாயில் நுழையவில்லை. குதிரைமசால் விதை மட்டும் அவருடைய சொந்த ஊரிலிருந்து, அவர் அப்பாவின் தோட்டத்திலிருந்து வந்தது. அதை ஒரு துணிப்பையில் தனியாகக் கட்டி வைத்திருந்தார். "எங்கூட்டு மாடுக பூராவும் இதைத் தின்னுதானுங்க வளந்துது" என்று சொல்லிக்கொண்டே விதைத்தார்.

என் வேலை வேர் அலசுவது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பாத்தியிலும் இரண்டு செடியை மண்கட்டியோடு தோண்டியெடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மண்ணை மெல்லக் கரைத்து, வேர் அறுபடாமல் வெளியே எடுக்க வேண்டும். பிறகு வெள்ளைத் துணியில் விரித்து, அடிக்குச்சியால் அளந்து, நோட்டில் எழுத வேண்டும். ஓடைத் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். மத்தியானத்துக்குள் விரல்கள் மரத்துவிடும். மேலே வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்காருவேன். கூடை சுமப்பதைவிட இது மேல் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். மேல்தான். ஆனாலும் அலுப்புதான்.

முதல் தடவை அலசியபோதே வித்தியாசம் தெரிந்தது. சுண்ணாம்பு போட்ட பாத்தியில் குதிரைமசாலின் வேர் வெள்ளையாக, நீளமாக, நூல் நூலாக இருந்தது. போடாத பாத்தியில் கட்டை விரல் நீளம்கூட இல்லை. தடித்து, கிளை விடாமல், நுனி கருகி, அடுப்பில் பட்ட திரி மாதிரி இருந்தது. மேலே செடி எங்கள் போஞ்சியைப் போலவே மஞ்சளாக நின்றது. நான் அந்த வேரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் கைராசியில் குற்றம் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

"ஏன் ஐயா இப்படிக் கருகிப் போகுது?" என்று கேட்டேன்.

"இது புளிச்ச மண்ணுங்க. மழை அடிச்சு அடிச்சு நல்ல சத்தையெல்லாம் பள்ளத்துக்குக் கொண்டு போயிருது. மிஞ்சறதுல ஒண்ணு அலுமினியம். நம்ம சோறாக்கற சட்டியில இருக்கற அதேதான். மண்ணு புளிச்சுப் போச்சுன்னா அது தண்ணியில கரைஞ்சு வேர் நுனியைச் சுட்டுப்போடுது. வேரு போனா அப்புறம் தண்ணியேது, சத்தேது."

"அப்ப தேயிலை மட்டும் எப்படி வளருது?"

"தேயிலை அதையும் உறிஞ்சிக்கும். உறிஞ்சி முத்தின எலையில கொண்டுபோயி வெச்சுக்கும். அதுக்கு அது வெசமில்லீங்க. ஒவ்வொண்ணுக்கு ஒவ்வொரு வழி." பக்கத்துப் பாத்தியைக் காட்டினார். "சிலது வேர் நுனியில லேசாப் புளிப்பைக் கசியவிடும். அந்தப் புளிப்பு அலுமினியத்தைப் புடிச்சுக் கட்டிப்போட்டுரும், வேருக்குள்ள போகாது. மரவள்ளிக்கு அந்த வித்தை தெரியாதுங்க, அதுக்கு வேரோட ஒரு பூஞ்சணம் ஒட்டிக்கிட்டு, நூலு மாதரப் பரவி, எட்டாத எடத்துல இருக்கற மணிச்சத்தை, பாஸ்பரஸுங்கறாங்களே அதை, கொண்டாந்து குடுக்குது."

படர்புல்லும் முயல்மசாலும் சுண்ணாம்பு இல்லாத பாத்தியிலும் பச்சையாகவே இருந்தன. செழிப்பு என்று சொல்ல முடியாது. சின்ன இலை, மெதுவான வளர்ச்சி. கிடைத்ததை வைத்துக்கொண்டு இருந்தன. அவருக்கு அவற்றில் பெரிய பிடித்தம் இல்லை. ஒவ்வொரு நாளும் வந்ததும் முதலில் குதிரைமசால் பாத்திக்குத்தான் போவார்.

நான் செய்த தவறு இப்படித்தான் தொடங்கியது. ஒருநாள் காலையில் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்ட வந்தவள், நேரமாகிவிட்டதென்று முறத்தோடு வேலிக்குள் வந்துவிட்டேன். கொட்ட இடம் தேடாமல், சுண்ணாம்பு போடாத குதிரைமசால் பாத்தியின் ஓரத்தில் தட்டிவிட்டேன். அந்த மூலையில் இருந்த நாலைந்து செடிகள் எப்படியும் சாகப்போகிறவை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அந்த மூலை மட்டும் பச்சை கட்டியிருந்தது.

அதைப் பார்த்தபிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. மறுநாளே மறுபடி சாம்பல் கொண்டுபோனேன். எங்கள் வீட்டுச் சாம்பல் போதவில்லை. பக்கத்து அக்கா வீட்டுச் சாம்பலையும் வாங்கிக்கொண்டேன், பாத்திரம் துலக்க என்று சொல்லி. ஆபீசர் வருவதற்கு முன் செடிக்குச் செடி தூவி, களைக்கொட்டால் மண்ணோடு கிளறிவிடுவேன். பார்த்தால் எதுவும் தெரியாது. சோதனை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பாத்தி வாழ்வதற்கு, ஒரு பாத்தி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. தெரிந்தேதான் செய்தேன். அந்த வேர்களைக் கையில் எடுத்து அளந்து எழுதுகிறவள் நான். தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு அது வேறாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். அதிகம் பேசாதவர். குழி வெட்டிவிட்டு வந்தால் சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் காம்பராவின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு வீட்டின் ஒற்றை அறை அப்போதும் காம்பராதான்.

"சாம்பலெல்லாம் எங்க போகுது?" என்றார்.

சொன்னேன்.

"அது செத்துப் போறதுக்குன்னே வச்சிருக்கிற பாத்தி. அதுல ஒனக்கென்ன?"

"சாகாம இருந்தா என்ன?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வேலை போயிரும்" என்றார். மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டார்.

வெயில் மாதங்களில் அந்தப் பாத்தி ஊதாவாகப் பூத்தது. ஆபீசருக்கு நம்ப முடியவில்லை. வேரை அவரே அலசினார். வெள்ளையாக நீண்டிருந்தது. "எங்கப்பன் தோட்டத்து விதைங்க அம்மிணி. இந்த மண்ணையே தாங்கிருச்சு" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மேலிடத்துக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். அவர் மனைவி ஊரில் நிறைமாதமாக இருந்தார். இந்தச் சோதனை நல்லபடியாக முடிந்தால் கீழே மாற்றல் கேட்கலாம் என்று இவர் நினைத்திருந்தார். அதையும் அன்றுதான் என்னிடம் சொன்னார். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராதது ஒரு பக்கம். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

ஆபீசர் ஊரிலிருந்து ஒரு மூட்டை குதிரைமசால் விதை வரவழைத்தார். மாடு வைத்திருந்த நான்கு வீடுகளிலும் தானே போய்ச் சொன்னார், மழைக்கு முன்னால் இடத்தைத் தயார் பண்ணி வையுங்கள், விதை தருகிறேன் என்று.

இரண்டு நாள் கழித்து, காலையில் தண்ணீர் எடுக்கப் போனபோது பக்கத்து அக்கா தன் மரவள்ளியைப் பிடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கிழங்கு இன்னும் விரல் தடிமன்கூட வரவில்லை. பாதித் தோட்டம் பிடுங்கியாகிவிட்டது.

"ஏன் அக்கா, பிஞ்சாவே பிடுங்குற?"

"ஆபீசர் ஐயா புல்லு வெதை தாராரு இல்ல, அதுக்கு எடம் வேணாமா. மாடு எழும்பி நிக்க மாட்டேங்குது புள்ள. நம்ம எதையாவது தின்னு இருந்துக்கலாம், அது என்ன பண்ணும்?"

குடத்தை அங்கேயே வைத்தேன். "பிடுங்காத அக்கா. அந்த வெதை இந்த மண்ணுல வராது. நான் சாம்பல் போட்டதாலதான் அங்க வளந்துச்சு. ஒங்க வீட்டுச் சாம்பலுந்தான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்த செடியைக் கீழே போட்டாள். என்னைத் திட்டவில்லை. "இதை நீ முந்தாநாள் சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு பிடுங்கிய குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி ஊன்றத் தொடங்கினாள். நான் உதவிக்குக் குனிந்தேன். "நீ போ" என்றாள்.

நேராகச் சோதனை நிலத்துக்குப் போனேன். ஆபீசர் விதைகளைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் கட்டிக்கொண்டிருந்த பொட்டலத்தைக் கட்டி முடித்தார். பிறகு அதைப் பிரித்து விதையை மூட்டையில் கொட்டினார்.

"எத்தனை நாளாப் போட்டீங்க?"

"கார்த்திகையில இருந்து ஐயா."

"வாரத்துக்கு எத்தனை மொறம்?"

"ரெண்டு. சில வாரம் மூணு."

"பாத்தி முழுக்கவா, வேரடியில மட்டுமா?"

"வேரடியில."

அவர் நோட்டை எடுத்து நான் சொன்னதையெல்லாம் எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தப் பாத்தியில் மரச்சாம்பல் இடப்பட்டது, எனவே கணக்கில் கொள்ள முடியாது என்று இருந்தது. யார் இட்டது என்று எழுதவில்லை.

"வேலைய விட்டு நிப்பாட்டிருவீங்களா?" என்று கேட்டேன்.

"உங்களை நிப்பாட்டிப்போட்டு வேரை நான் அலசறதுங்களா?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நோட்டை மூடி வைத்துவிட்டு, "எம் மேலயும் தப்புத்தானுங்க. ஒரு பாத்தி அப்படித் தனியா வந்தா மண்ணை மறுபடி சோதிச்சுப் பாத்திருக்கோணும். ஆசை. எங்கப்பன் விதையாச்சே" என்றார்.

"அப்ப எல்லாரும் சாம்பலே போடலாமே ஐயா?" என்று கேட்டேன்.

"ரெண்டு ஊட்டுச் சாம்பல் ஒரு பாத்திக்கே சரியாப் போச்சுங்க. மாட்டுக்கு வேணுங்கற தீவனக் காடு முழுக்கப் போடச் சாம்பலுக்கு எங்க போறது. ஒரு மழைக்காலம் போனா மறுபடி போடோணும். சுண்ணாம்பும் அப்படித்தான், கீழிருந்து லாரியில வரோணும். மண்ணை மாத்தறதைக் காட்டியும், இந்த மண்ணுக்கு ஒத்து வர்றதைத் தேடறதுதான் ஆகற காரியம். நாந்தான் அதை மறந்துட்டேன்."

மாடு வைத்திருந்த மற்ற மூன்று வீடுகளுக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். அவரே பேசினார். சோதனையில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது, குதிரைமசால் வேண்டாம், முயல்மசாலும் படர்புல்லும் தருகிறேன் என்றார். ஒரு வீட்டில் அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். பக்கத்து அக்கா வாசலுக்கு வரவில்லை.

மாற்றல் கிடைக்கவில்லை. சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. குழந்தை பிறந்த சேதி தந்தியில் வந்தது. பெண் குழந்தை. மழையில் பாதை அடைத்துக் கிடந்ததால் பதினைந்து நாள் கழித்துத்தான் அவரால் போய்ப் பார்க்க முடிந்தது. திரும்பி வந்து, "எங்கூட்டுக்காரி மாதரயே இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். நான் வாளிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

இன்னும் இரண்டு வருடம் வேர் அலசினேன். அந்த இரண்டு வருடத்தில் சுண்ணாம்பு போடாத பாத்திகளில் நான் எதையும் போடவில்லை. செடிகள் மஞ்சளாகி நின்றதைப் பார்த்தேன், அளந்தேன், எழுதினேன். படர்புல் மெதுவாகப் பரவியது. முயல்மசால் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் கட்டியிருக்கும், அதில்தான் அது தனக்கான தழைச்சத்தைத் தயாரித்துக்கொள்கிறது என்பார். மணிச்சத்து கொஞ்சமே கிடைத்தாலும் அதைப் பழைய இலையிலிருந்து புது இலைக்கு மாற்றி மாற்றிக் காலம் தள்ளும் என்பார். அதனால்தான் வளர்த்தி குறைவு. மாடுகளும் அப்படித்தான் தேறின. கொழுக்கவில்லை. எழுந்து நின்றன, நடந்தன, அடுத்த வருடம் எங்கள் மாடு கன்று போட்டது. பால் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணிக்கு ஆகும் அளவுக்கு வந்தது.

பக்கத்து அக்கா அறுவடைக் காலம் வரை என்னோடு பேசவில்லை. திருப்பி ஊன்றிய மரவள்ளியில் பாதி பிழைத்தது. கிழங்கு எடுத்த அன்று ஒரு முறத்தில் கொஞ்சம் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். "அவிச்சுத் தின்னு" என்றாள். "சாம்பல் வேணும்னா எடுத்துக்க, இனிமே மறைக்காத." நான் அழுதேன். அவள் நிற்கவில்லை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

பிறகு ஆபீசருக்கு ஒருவழியாகக் கீழே மாற்றல் வந்தது. போகும்போது நோட்டுகளையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டார். சோதனை நிலத்தை மூடி, அங்கேயும் தேயிலை நட்டார்கள். நான் மறுபடி பெரட்டுக்குப் போனேன். இடுப்பு வலி அப்படியே இருந்தது. ஆனால் கூடைக்குப் பதிலாகக் களையெடுக்கும் கூட்டத்தில் போட்டார்கள்.

படர்புல்லின் வேர் எங்கோ மண்ணுக்குள் தங்கிவிட்டிருந்தது. முதல் மழைக்கே புதுத் தேயிலைக் கன்றுகளுக்கு நடுவில் ஏறி வந்தது. அதைப் பிடுங்க எங்களை அனுப்பினார்கள். பிடுங்கப் பிடுங்க வந்தது. மேஸ்திரி அலுத்துக்கொண்டு, யார் கொண்டுவந்து தொலைத்த புல் இது என்று கேட்டார். நான் குனிந்து அடுத்த தூரைப் பிடுங்கினேன். பிடுங்கியதை உதறிக் கட்டி, மாலையில் மாடு இருந்த நாலு வீட்டுக்காரிகளும் பங்குபோட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம்.